நெடுவால் வாத்தும் என் தொண்டையும்

என் குரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகத் தெரிந்துகொண்டு முகம் சுளிப்பதைவிட அது மேல். நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளன். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து, யாருடைய குழந்தை விசாரணை அறை வாசலில் அழுதுகொண்டிருக்கிறது என்று நாள் முழுக்க ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து சொல்பவன். அந்த அறைக்கு ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் கழிவறைச் சுவர் தெரியும். ஆகவே நான் யாரிடம் பேசுகிறேனோ அவர்களில் ஒருவரைக்கூடப் பேசும்போது பார்த்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மைக் பாதி நாள் மக்கர் பண்ணும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அடித்தொண்டையில் கத்திப் பழகினேன். பிறகு மைக்கைச் சரி செய்துவிட்டார்கள். என்னைச் சரி செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

இப்படிப்பட்டவன் பொழுதுபோக்குக்கு எதை எடுத்துக்கொள்ள வேண்டும்? கால்பந்து மைதானத்தில் போய்க் கத்தலாம். ஏலம் விடலாம். நான் பறவை பார்க்கப் போனேன். புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று கேட்காதீர்கள். எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய டாக்டரம்மா, இடுக்கியை உள்ளே விட்டுக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குப் பறவை பார்க்கப் போவதாகவும், நானும் வரலாமே என்றும் சொன்னார். அந்த நிலையில் நான் எழுப்பிய சத்தத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க மனிதர்களை வாயைத் திறக்கச் சொன்ன அந்த அம்மா, அன்றிலிருந்து என்னிடம் மட்டும் வாயை மூடச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் குழுவில் இன்னொருவர் உண்டு. பார்சல் அலுவலகத்தில் வேலை. மழைக்குக் குடை, வெயிலுக்குத் தொப்பி, செருப்பு அறுந்தால் தைக்க ஊசி நூல், ஊசி தொலைந்தால் இன்னோர் ஊசி என்று முதுகில் ஒன்றும் மார்பில் ஒன்றுமாகப் பைகளோடுதான் வருவார். அவருக்கு மூட்டை என்று பெயர். எனக்கு மைக் என்று பெயர். டாக்டரம்மாவுக்குப் பட்டப்பெயர் வைக்கும் துணிச்சல் எங்கள் இருவருக்கும் இல்லை. எங்கள் பல் எல்லாம் அவர் கையில் இருக்கிறதே.

போன குளிர்காலத்தில் நான் செய்த காரியத்தையும் சொல்லியாக வேண்டும். கரைச்சுவருக்குக் கீழே சேற்றுத்திட்டு முழுக்கப் பறவைகள். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், உள்ளான், ஆலா என்று ஊரே கூடியிருந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். தூரத்தில் பூநாரைக் கூட்டம் ஒன்று இறங்குவதை நான்தான் முதலில் பார்த்தேன். மற்ற இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டுமே என்ற பதற்றத்தில் என் வாய் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." அவ்வளவுதான். சேற்றில் இருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பியது. பூநாரைகள் இறங்காமல் அப்படியே திரும்பிப் போயின. அப்புறம் அந்தப் பக்கம் ஒரு காக்கைகூட இல்லை.  டாக்டரம்மா தன் தொலைநோக்கியை மடித்துப் பையில் போட்டார். அந்த ஜிப்பை இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதன் பிறகுதான் பிளாஸ்க் சட்டம் வந்தது. நான் கடற்கரையில் வாய் திறக்கக் கூடாது. சொல்ல ஏதாவது இருந்தால் பென்சிலால் பிளாஸ்கைத் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் வலப்பக்கம் பார், இரண்டு தட்டு என்றால் இடப்பக்கம். விடாமல் தட்டினால் ஓடி வா. மரங்கொத்தி என்று என்னைக் கூப்பிடலாமா என்று மூட்டை கேட்டார். மரங்கொத்திக்கு இதைவிட மரியாதை கிடைக்கும் என்றேன்.

இவ்வளவு அவமானத்தையும் பொறுத்துக்கொண்டு நான் போனதற்குக் காரணம் நெடுவால் வாத்து. குளிர்காலத்தில் மட்டும் எங்கள் கடலுக்கு வரும். வெள்ளையும் பழுப்புமாக உடம்பு, பின்னால் உடம்பு நீளத்துக்கு ஒரு கூர்மையான வால். கரையை விட்டுத் தள்ளியே மிதக்கும், ஓயாமல் முங்கும். டாக்டரம்மா பார்த்தாகிவிட்டது. மூட்டை பார்த்தாகிவிட்டது. ஒரு தடவை அவர் பையில் சாக்லேட் தேடிக்கொண்டே தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டார். நான் தொலைநோக்கியில் கண்ணை வைக்கிற நேரத்துக்கு அது தண்ணீருக்குள் போயிருக்கும். "இப்ப முங்கிச்சு" என்பார்கள். நான் வெறும் அலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குளிர்காலம் குளிர்காலமாக நான் பார்த்ததெல்லாம் நெடுவால் வாத்து சற்றுமுன் இருந்த தண்ணீர்.

இனி என் மனைவி. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நர்ஸாக இருந்தாள். கையைத் தடவிப் பார்த்தே நரம்பைக் கண்டுபிடிப்பாள். "கொஞ்சம் குத்தும்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். நாங்கள் இருவரும் வேலை நேரம் மாறி மாறி, வாசற்படியில் சந்தித்துக் குடும்பம் நடத்தியவர்கள். சாவி கைமாறும், "சாப்பாடு மேசை மேல இருக்கு" என்ற தகவல் கைமாறும், அவ்வளவுதான். இந்த வருஷம் அவள் ஓய்வு பெற்றாள். வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஒரு விஷயம் அவளுக்குப் புலப்பட்டது. ஊருக்கே கேட்கிற தொண்டையை வைத்திருக்கிறவன் வீட்டில் வாயே திறப்பதில்லை.

நான் என்ன செய்வேன்? வேலை முடிந்து வந்தால் தொண்டை காய்ந்து கிடக்கும். அது ஒரு சாக்குத்தான். உண்மை என்னவென்றால், எதிரில் ஒரு முகம் இருந்தால் எனக்குப் பேச வராது. "என்ன யோசிக்கறீங்க?" என்பாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டுவேன். மகள் வேறு ஊரில் இருக்கிறாள், பேத்திக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. "அம்மா இங்கயே வந்து இருக்கட்டும், ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு" என்று போனில் சொன்னாள். ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே, "மாசக் கடைசில கிளம்பறேன்" என்றாள். எவ்வளவு நாளைக்கு என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். இப்படி ஒரு பிறவி.

அன்றிலிருந்து பெரிய பெட்டி அலமாரியின் மேலிருந்து கீழே இறங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. ஒவ்வொரு நாளும் அதற்குள் ஏதோ ஒன்று போய்க்கொண்டிருந்தது. முதலில் கோடைக்காலத் துணிகள் போயின. குளிர்காலத்தில் கிளம்புகிறவள் கோடைத் துணியை எதற்கு எடுத்து வைக்கிறாள் என்று எனக்கும் கணக்குப் போடத் தெரியும். போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். 

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது அவளும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நானும் வரேன். அப்படி அங்க என்னதான் இருக்குன்னு போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்." போறதுக்கு முன்னாடி என்ற வார்த்தை மட்டும்தான் எனக்குக் கேட்டது. நான் தலையாட்டினேன்.

மூட்டையின் வேனில் போனோம். வேனைப் புதர்களுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நெடுந்தூரம் நடந்துதான் கரைச்சுவருக்கு வர வேண்டும். குளிர் காதைக் கடித்தது. கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. சுவரிலிருந்து கல் பதித்த ஒரு சரிவு கீழே இறங்கி, சேற்றைக் கடந்து, தூரத்து மணல்திட்டு வரை போகும். டாக்டரம்மா என் மனைவியிடம் கையைக் காட்டிச் சொன்னார். "இந்தக் கல்லு மேலயே நடந்தா ஒரு பயமும் இல்ல. ரெண்டு பக்கமும் சேறு உள்ள இழுக்கும். அதோ அந்தக் கருப்புக் கம்பத்தைத் தாண்டாதீங்க. கடல் ஏறும்போது முன்னாடியிருந்து வராது, நமக்குப் பின்னாடி இருக்கற பள்ளத்துல வந்துடும்." மனைவி தலையாட்டினாள். நர்ஸ் அல்லவா, சொன்னதைச் சொன்னபடி கேட்பவள்.

நான் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தினேன். காற்று அதை ஆட்டியது. அடியில் ஏதாவது கனத்தைக் கட்டித் தொங்கவிட்டால் ஆடாது. சுற்றிப் பார்த்தேன். மனைவியின் தோளில் கைப்பை. கையை நீட்டி, தொங்கவிடுவது போல் சைகை காட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தாள். அவளுடைய போன் அந்தப் பைக்குள் இருந்தது. இது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாள். மூன்று பேர் மூன்று குழாயில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு சிலை மாதிரி நிற்பதை யாரால்தான் எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? சிவப்பு அலகோடு சிப்பிபிடிப்பான்கள் திட்டின் ஓரம் குத்திக்கொண்டிருந்தன. "அது என்ன, வாய் மட்டும் சிவப்பா?" என்று என் காதோரம் கேட்டாள். அழகான கேள்வி. நான் பென்சிலை எடுத்துப் பிளாஸ்கில் ஒரு தட்டுத் தட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "நான் என்ன வாத்தா?" என்றாள்.

மூட்டை சிரிப்பை அடக்க முடியாமல் மஃப்ளரைக் கடித்துக்கொண்டார். நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். "தூரத்துல நின்னு பாக்கறதெல்லாம் எனக்கு வராதுங்க. கிட்டப் போயிப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லி, ஒரு நிமிஷம் நின்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றிருக்கிறாள், இப்போது தெரிகிறது. அப்போது என் கண் குழாயில். தூரத்தில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. சரி என்று கையை மட்டும் தூக்கினேன். கல்சரிவில் அவள் ரப்பர் காலணி சத்தம் இறங்கிப் போனது. வெள்ளையாக மிதந்தது ஒரு காலி எண்ணெய் டப்பா.

பிறகு காற்று நின்றது. கடலோரத்தில் குளிர்நாளில் காற்று நின்றால் நல்லதில்லை என்று டாக்டரம்மா சொல்வார். அன்று சொல்ல அவருக்கு நேரமில்லை. கடல் பக்கத்திலிருந்து வெள்ளைச் சுவர் மாதிரி மூடுபனி வந்தது. முதலில் மணல்திட்டு போனது. கருப்புக் கம்பம் போனது. நாங்கள் நின்ற சுவரும் அதன் கீழே கொஞ்சம் தண்ணீரும் மட்டும் மிச்சம். குழாயில் பார்க்க ஒன்றும் இல்லாததால் கண்ணை எடுத்து நிமிர்ந்தேன்.

நெடுவால் வாத்து அங்கே இருந்தது. தொலைநோக்கியே தேவையில்லை. நேர் கீழே, கல்லெறிந்தால் விழுகிற தூரத்தில், பனியிலிருந்து நீந்தி வந்து நின்றது. வெள்ளைத் தலை, கன்னத்தில் ஒரு கருப்புத் திட்டு. டாக்டரம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். மூட்டை இரண்டு கையாலும் தன் வாயை மூடிக்கொண்டு என் வாயையும் மூடச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வாலைப் பார்க்கலாம் என்று எட்டிக் குனிந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. காலையில் இங்கே தண்ணீர் இல்லையே. கல்சரிவு காய்ந்து கிடந்ததே. அந்த வாத்து நீந்திக்கொண்டிருந்தது என் மனைவி நடந்து போன பாதையின் மேல்.

அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். வாத்து சட்டென்று முங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஏதேதோ பறவைகள் படபடவென்று எழும்பின. யாரும் பதில் சொல்லவில்லை. கீழே இறங்கி ஓடப் போனேன், டாக்டரம்மா கோட்டைப் பிடித்து இழுத்தார். "நீங்களும் உள்ள போனா ரெண்டு பேரைத் தேடணும். இந்தச் சரிவுல இன்னும் முழங்கால் தண்ணிதான் இருக்கும். அவங்க இதுக்கு நேரா வந்தா போதும். கொஞ்சம் தள்ளிப் போனாலும் சேறு." என் முகம் செத்துப்போயிருந்திருக்க வேண்டும். அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இங்கயே நில்லுங்க. கத்துங்க."

வருஷக்கணக்காக வாயை மூடச் சொன்னவர் சொல்கிறார்.

நான் அவள் போனுக்கு அடித்தேன். முக்காலிக்கு அடியில் கைப்பைக்குள் மணி அடித்தது. என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மூட்டை மீட்புப் படைக்குப் போன் பண்ணினார். படகோடு வருகிறோம், வர நேரம் ஆகும் என்றார்கள். வேனுக்கு ஓடி ஹாரன் அடிக்கட்டுமா என்றார். வேண்டாம், அந்தச் சத்தத்தைப் பார்த்து நடந்தால் நேராகச் சேற்றுக்குள் போவாள் என்று டாக்டரம்மா தடுத்தார். மூட்டையின் பையில் கயிறும் இருந்தது. எந்தப் பக்கம் வீசுவது என்றுதான் தெரியவில்லை.

மறுபடியும் கத்தினேன். மறுபடியும். பதறிக் கத்தினால் குரல் நாலா பக்கமும் சிதறும், கேட்கிறவருக்குத் திசை பிடிபடாது. இது எனக்குத் தெரிந்த ஒரே விஷயம், தொழில் சொல்லிக் கொடுத்தது. மைக் இல்லாத நாட்களில் கடைசிப் பயணி வண்டியைக் கண்டுபிடிக்கும்வரை ஒரே இடத்தில் நின்று, ஒரே சீராக, எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையில்தான் ஆள் திரும்பிப் பார்ப்பான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கழிவறைச் சுவரை நினைத்துக்கொண்டேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மணல்திட்டில் நின்றுகொண்டிருக்கும் பயணி குரல் வரும் திசையில் மெதுவாக நடந்து வரவும். பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மணல்திட்டில் நின்றுகொண்டிருக்கும் பயணி குரல் வரும் திசையில் மெதுவாக நடந்து வரவும்."

நின்று கேட்டேன். பனிக்குள் எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு குரல். "கேக்குதுங்க. எந்தப் பக்கம்னுதான் தெரியல. நிறுத்தாதீங்க."

உயிர் போய் உயிர் வந்தது. நிறுத்தவில்லை. என்ன சொல்வதென்று தெரியாததால் தெரிந்ததைச் சொன்னேன். மருத்துவமனை, நூலகம், பழைய பாலம் வழியாகத் துறைமுகம் செல்லும் வண்டி மூன்றாம் மேடையில் நிற்கிறது. சந்தை வழியாக ரயிலடி செல்லும் வண்டி பழுது காரணமாகத் தாமதமாக வரும், பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம். ஒவ்வொன்றும் இரண்டு தடவை. நடுநடுவே நின்று கேட்டேன். "வரேன்" என்ற குரல் ஒரு சமயம் பக்கத்தில் கேட்டது, ஒரு சமயம் தள்ளிப் போனது. தண்ணீர் சரிவில் இன்னொரு கல்லை விழுங்கியிருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்தார், என்னிடம் சொல்லவில்லை. நானும் பார்த்தேன்.

நிலையத்து வண்டிகள் எல்லாம் தீர்ந்துபோயின. மறுபடி முதல் வண்டியிலிருந்து ஆரம்பித்தேன். பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏங்க, அந்த பஸ்ஸெல்லாம் எனக்கெதுக்கு? வேற ஏதாவது பேசுங்க."

சாகிற நேரத்திலும் இவளுக்கு இது.  வேறு என்ன பேசுவது? "என்னமாவது பேசுய்யா" என்றார் மூட்டை. அவர் எனக்கு 'யா' போட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு எதிரில் வெறும் வெள்ளை. முகம் இல்லை. என் அறை மாதிரியே இருந்தது. அதில் வாய் திறந்துகொண்டது.

"வீட்டிலிருந்து ஓர் அறிவிப்பு. காலையில் பிளாஸ்கில் ஊற்றித் தரப்படும் தேநீர் மிகவும் நன்றாக இருக்கிறது. இதுநாள்வரை தெரிவிக்கப்படாமைக்கு வருந்துகிறோம்."

பனிக்குள் ஒரு சத்தம். இருமலா சிரிப்பா தெரியவில்லை. கொஞ்சம் கிட்டத்தில்தான்.

"கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் பெட்டியில் கோடைக்காலத் துணிகள் ஏற்றப்படுவது கவனிக்கப்பட்டுள்ளது. அதனால் இங்கே ஒருவர் சரியாகத் தூங்குவதில்லை. பெட்டியைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். சாப்பாடும் இறங்குவதில்லை. ஓய்வுக்குப் பின் வீட்டில் இருக்கும் பயணியிடம் என்ன பேசுவது என்று தினமும் வீட்டுக்கு நடந்து வரும் வழியில் ஒத்திகை பார்க்கப்படுகிறது. கதவு திறந்ததும் மறந்துவிடுகிறது." டாக்டரம்மா திரும்பிக்கொண்டு கடலைப் பார்த்தார். மூட்டை காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். என் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். "மாதக் கடைசியில் மகள் வீட்டுக்குப் புறப்படும் வண்டி..."

அங்கே நின்றுபோனேன். ரத்து என்று சொல்ல எனக்கு அதிகாரம் ஏது? நான் வெறும் அறிவிப்பாளன்.

"அந்த வண்டியில் பயணி போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் கல்லைத் தொட்டுத் தொட்டுப் போகும் சத்தம் மட்டும்.  பிறகு, இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி, நல்ல தெளிவாக, "யாரு கேக்கறது?"

"நான்தான்" என்றேன். அது அறிவிப்பாக வரவில்லை. "நான்தான் கேக்கறேன். போகாத. இங்க வா, இந்தப் பக்கம், உனக்கு இடக்கைப் பக்கம் வா. நான் இங்கதான் நிக்கறேன்."

சளக் சளக் என்று சத்தம் வந்தது. பனியில் ஒரு கருப்பு. அது கோட்டு ஆனது, பிறகு அவள் ஆனாள். கல்சரிவின் ஓரத்தைக் காலால் தடவிப் பார்த்து, ஒவ்வோர் அடியாக, இடுப்பு வரை நனைந்து வந்துகொண்டிருந்தாள். மூட்டையின் கயிற்றுக்கு ஒருவழியாக வேலை வந்தது. நானும் டாக்டரம்மாவும் அவளை மேலே இழுத்தோம். மூட்டையின் பைகளிலிருந்து துண்டு, போர்வை, காலுறை, இன்னொரு காலுறை எல்லாம் வெளியே வந்தன. இனி அவரைக் கிண்டல் பண்ணுவதில்லை என்று முடிவெடுத்தேன். டாக்டரம்மா போனை வாங்கி, ஆள் வந்துவிட்டார் என்று மீட்புப் படைக்குச் சொன்னார்.

அவள் சுவரில் உட்கார்ந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பற்கள் கிடுகிடுத்தன. நான் போர்வையைச் சுற்றிவிட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து விரலை வைத்துப் பார்த்தாள். பழக்கதோஷம். "என்ன இப்படி ஓடுது" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"கம்பத்தை நான் தாண்டல" என்றாள். "திரும்பி நடந்தா கல்லு எந்தப் பக்கம்னு தெரியல, அவ்வளவுதான்." பிறகு என் முகத்தையே பார்த்தாள். "எவ்வளவு நாளைக்குப் போறேன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எவ்வளவு நாளைக்கு?"

"அது நீங்க கேக்கறதைப் பொறுத்துன்னு வச்சிருந்தேன்."

 நான் தரையைப் பார்த்தேன். அவள் மணிக்கட்டை விடவில்லை.

"அங்க சொன்னதை இன்னொரு தடவ சொல்லுங்க. நீங்கதான் எதையும் ரெண்டு தடவ சொல்லுவீங்களே."

இப்போது பனி இல்லை எங்களுக்கு நடுவில். முகம் இருந்தது. மூக்கு நுனியில் சேறு, கண்ணோரம் ஈரம், எனக்காகவே காத்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன்.  காற்றுதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் டக், டக் என்று பிளாஸ்க் தட்டப்பட்டது. இரண்டு தட்டு, இடப்பக்கம். மூட்டை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, முங்கிய வாத்து மேலே வந்துவிட்டது, பக்கத்திலேயே, என் தோளுக்கு அந்தப் பக்கமே. நான் திரும்பினால் போதும். டாக்டரம்மா அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மூட்டையின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்க" என்றார் என்னிடம். "பறந்தா பறந்துட்டுப் போகட்டும்."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். என் தொண்டைக்கு அது தெரியாதே. போகாத என்று பேருந்து நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது. பின்னால் தண்ணீரை அடித்துக்கொண்டு இறக்கைகள் எழும்பும் சத்தம் கேட்டது. "ஐயோ, வாலு, வாலைப் பாருங்க" என்று மூட்டை அலறினார்.

அவள் பத்து நாள் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வந்தாள். நெடுவால் வாத்தின் வாலை நான் இன்றுவரை பார்த்ததில்லை.